பூந்துகள் கூறும் பழங்காட்டு வரலாறு

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழர்க்கு வரலாறு உண்டா என்று ஒரு காலத்தில் இறுமாந்து கேட்டார் உளர். அவர்க்கு விடையாகக் கல்வெட்டுகள் வந்தன, செப்பேடுகள் வந்தன, இம்மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்திலிருந்தே நடுகற்கள் வரிசையாக வந்தன. அவையெல்லாம் மாந்தன் எழுதி வைத்த வரலாறு. மாந்தன் எழுதாத வரலாறு ஒன்றும் உண்டு. அதை எழுதியவை மரமும் செடியும் புல்லும். எழுதிய ஏடு ஏரியின் அடிச்சேறு. எழுத்தாக அமைந்தது பூந்துகள். அவ்வெழுத்தைப் படிக்கும் துறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து நிற்கிறது. அதனில் தமிழகத்துக்கு என்ன பங்கு, தமிழர்க்கு என்ன கடமை என்பதே இப்பொழிவின் பொருள்.

துகளின் இயல்பு

பூவின் ஆண்கூறாகிய மஞ்சள் பொடியை மகரந்தம் என்று வடசொல்லால் வழங்குவது பழக்கமாகிவிட்டது. தாது, கொங்கு, பூந்துகள் என முப்பெயர் கைவசம் வைத்திருக்கும் மொழிக்கு இரவற் பெயர் எதற்கு? தாது என்னும் சொல் கனிமத்தையும் குறிப்பதால் மயக்கம் தரும். கொங்கு என்னும் சொல் தேனையும் நாட்டையும் குறிக்கும். ஆதலின் ஆய்வுத்துறைக்குப் பூந்துகள் என்பதே பொருந்தும். துறையைப் பூந்துகளியல் எனலாம்.

ஒரு மில்லிமீட்டரை முப்பது கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறளவே ஒரு புல்லின் பூந்துகள். வெறுங்கண்ணுக்குத் தூசு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலோ அது தூசன்று. ஒன்று உருண்டை, ஒன்று முக்கோணம். ஒன்றுக்கு முள், ஒன்றுக்கு வரிப்பள்ளம், ஒன்றுக்கு வலைப்பின்னல். எள்ளின் துகளைப் பார்த்தவர் அதன் மேல் நெடுக ஓடும் பல பள்ளங்களைக் கொண்டே எள்ளென்று சொல்லிவிடுவர். கருவேல இனத்தின் துகள்கள் தனித்து உதிராமல் பல ஒன்றாய்த் திரண்ட கட்டியாக உதிரும். இவ்வாறு குடும்பத்துக்குக் குடும்பம், பல இடங்களில் இனத்துக்கு இனம், துகளின் வடிவம் வேறுபடுகிறது.

இதனினும் வியப்பானது அதன் புறத்தோல். உயிருள்ள பொருள்கள் ஆக்கும் பொருள்களுள் மிக வலியவற்றுள் அஃது ஒன்று. இலை மட்கும், மரம் உளுக்கும், எலும்பும் கரையும். உயிர்வளி புகாத ஈரச் சேற்றில் புதைந்த பூந்துகளின் தோலோ பல்லாயிரம் ஆண்டு கடந்தும் அழியாது. ஆண்டுதோறும் காற்றிலும் நீரிலும் வந்து ஏரியில் விழும் துகள்கள் வண்டலோடு படிகின்றன. அடுத்த ஆண்டின் வண்டல் அதன்மேல் படிகிறது. எனவே அடியில் கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. ஓலைச்சுவடியை அடுக்கி வைத்தாற்போல் காலம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்க.

படிக்கும் முறை

இவ்வடுக்கைப் படிக்கலாம் என்பதை 1916 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு நிலவியலறிஞர் இலென்னார்ட்டு வான் போசுட்டு, நார்வே நாட்டுத் தலைநகரில் நிகழ்த்திய ஒரு பொழிவில் விளக்கிக் காட்டினார். ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரத்தின் துகள் எத்தனை விழுக்காடு என்று எண்ணி வரைபடமாக்கினால், ஒரு நிலத்தின் காடு எவ்வாறு மாறி வந்தது என்பது கண்முன் தெரியும் என்பதே அவர் கண்ட வழி. ஒரு பெருந்துறை பொழிவிலே பிறந்தது என்பது பொழிவு கேட்க வந்தோர் நினைவில் கொள்ளத்தக்கது.

முறை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். உள்ளீடற்ற குழாயைச் சேற்றில் நேராக இறக்கி, அடுக்குக் குலையாமல் மண்தூணை எடுப்பர். அதனைச் சிறு சிறு கூறாக அறுத்து, வலிய காடிகளில் இட்டு, மணலையும் மட்கையும் கரைத்து நீக்குவர். எஞ்சுவது பூந்துகள். அதை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு கூற்றிலும் இருநூறு முந்நூறு துகள்களுக்குக் குறையாமல் ஒன்றொன்றாக இனங்கண்டு எண்ணுவர். காலத்தை அறியக் கதிர்க்கரிக் கணிப்பு உதவுகிறது. உயிர் நின்றபின் உடலிலுள்ள கதிர்க்கரி 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சிய அளவைக் கொண்டு ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை காலங் கணிக்கலாம். இம்முறையை 1949 இல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் வில்லார்டு இலிபிக்கு 1960 இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்ணிக்கையை அப்படியே காடென்று கொள்ளுதல் பிழை. புல் தன் துகளைக் காற்றில் அள்ளி வீசும்; வண்டுக்கும் தேனீக்கும் பூக்கும் மரமோ சிறிதளவே உதிர்க்கும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களாகிய வீரை, காயா, பாலை முதலியவை சூழ்ந்து நின்றாலும் சேற்றில் அவற்றின் துகள் அருகியே காணப்படலாம். ஆதலின் இன்றுள்ள காட்டின்கீழ் இன்று விழும் துகளை முதலில் எண்ணி, அந்த அளவுகோலைக் கொண்டே பழையதை மதிப்பிட வேண்டும்.

தணிகைமணியின் தொண்டு

இத்துறையில் உலகம் மதிக்கும் தமிழர் ஒருவர் வாழ்ந்தார். 1938 இல் பிறந்த கணபதி தணிகைமணி, 1955 இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரிப் பிரஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பூந்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி அதன் தலைவராகவும் விளங்கினார். பனைக் குடும்பத்தின் பூந்துகளை நுணுகி ஆய்ந்தார். உலகெங்கும் வெளிவந்த பூந்துகள் ஆய்வுகளைத் தொகுத்து அடைவுநூல் ஆக்கினார். ஓர் எழுத்தைப் படிக்க நெடுங்கணக்கு வேண்டுமன்றோ? சேற்றில் கண்ட துகள் எதனுடையது என்று ஒப்பிட்டறிய, பெயரறிந்த செடிகளின் துகள்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து வைத்த தொகுதி வேண்டும். பல்லாயிரம் தகடுகள் கொண்ட அத்தகைய தொகுதி புதுச்சேரியில் உருவானதில் அவருடைய உழைப்புப் பெரிது.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலும் அவரும் உடன் ஆய்வாளரும் ஆய்ந்தனர். இன்றைய காட்டுக்கும் இன்று விழும் துகளுக்கும் உள்ள உறவை அளந்து 1973 இல் வெளியிட்டனர். மேலே சொன்ன அளவுகோல் தமிழக மண்ணில் உருவான வரலாறு இது. 1986 செப்டம்பர் 5 ஆம் நாள், கராச்சி வானூர்தி நிலையத்தில் கொடியவர் கைப்பற்றிய வானூர்தியில் தணிகைமணி உயிரிழந்தார். அப்போது அவர்க்கு அகவை 48. திரைநடிகர் பெயரைத் தெருவெல்லாம் எழுதும் தமிழகத்தில் இப்பெயரை அறிந்த பள்ளிப்பிள்ளைகள் எத்தனை பேர்?

நீலமலைச் சதுப்பு சொன்ன செய்தி

தமிழகத்தில் இவ்வாய்வு மிகச் சிறந்த விளைவு தந்த இடம் நீலமலை. உதகையை அடுத்த உயர்நிலப் பள்ளத்தாக்குகளில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், நீர் தேங்கிய சதுப்புகள் உள்ளன. அங்கே செடிகொடிகள் முற்றும் மட்காமல் கரியமண்ணாகப் படிந்து கிடக்கின்றன. இலக்னோவில் 1946 இல் நிறுவப்பெற்ற பீர்பால் சாகனி தொல்பயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த விட்ணு மித்திரேவும் குப்தாவும் 1971 இல் அம்மலைச் சோலைகளின் தோற்றம் பற்றி எழுதினர். பிரான்சுவா பிலாசுக்கோவும் தணிகைமணியும் 1974 இல் எழுதினர். சாண்டிநல்லாச் சதுப்பின் பூந்துகளை ஆய்ந்து வசந்தி 1988 இல் வெளியிட்டார்.

இவ்வாய்வுகள் தீர்த்துவைத்த வழக்கு ஒன்று உண்டு. நீலமலை உச்சியில் பள்ளந்தோறும் அடர்ந்த காடு. மேடுதோறும் பரந்த புல்வெளி. பள்ளத்துக் காட்டுக்குச் சோலை என்று பெயர். அத்தமிழ்ச் சொல்லையே உலக அறிவியல் இன்றளவும் எடுத்தாள்கிறது. தமிழ்ச்சொல் அறிவியலுக்கு ஆகாது என்பார்க்கு இதுவே விடை! புல்வெளி எவ்வாறு வந்தது? தொதவர் முதலிய மேய்ப்பர்கள் எருமை மேய்க்கக் காட்டை எரித்து அழித்ததால் வந்தது என்று ஆங்கிலேயர் காலந்தொட்டுப் பலர் எழுதினர். அக்கூற்றின்படி புல்வெளி என்பது அழிந்த காடு, பாழ்நிலம், அதில் மரம் நடுவது நன்மை. ஆத்திரேலியாவிலிருந்து 1840களில் கொண்டுவந்த சீகை மரமும் கற்பூர மரமும் மேடெங்கும் பரப்பப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் அரசுத் திட்டங்களால் அந்நடவு தொடர்ந்தது.

சேறு வேறு செய்தி சொன்னது. மேய்ப்பர்கள் மலையேறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே, அடியடுக்கிலேயே, புல்லின் துகள் மிகுதியாகக் கிடந்தது. புல்வெளியும் சோலையும் மிகப் பழங்காலந்தொட்டே அருகருகே வாழ்ந்து, தட்பவெப்பநிலைக்கு ஏற்ப ஒன்று விரிய ஒன்று சுருங்கி வந்துள்ளன. எனவே புல்வெளி அழிந்த காடு அன்று. அது தனியொரு நிலைத்திணை. தொதவர்மேல் சுமத்திய பழி பொய்ப்பழியாயிற்று.

பூந்துகளால் அறிய இயலாததை மற்றொரு முறை நிரப்பிற்று. புற்களின் துகள்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், குளிரும் ஈரமும் விரும்பும் புல்லா, வெப்பமும் வறட்சியும் தாங்கும் புல்லா என்று துகளைக் கண்டு பிரிப்பது அரிது. ஆனால் கரியணுவில் எடைகூடிய வகை ஒன்று உண்டு. மரங்களிலும் ஈரநிலப் புல்லிலும் அவ்வகை குறைவாகவும், வறட்சி தாங்கும் புல்லில் மிகுதியாகவும் சேரும். சதுப்பு மண்ணில் இவ்வளவைக் கண்டறிந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து இராமன் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் 1993 இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவாறு, ஏறத்தாழ 20,000 முதல் 16,000 ஆண்டுக்கு முன், உலகில் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, நீலமலையில் வறட்சி மிகுந்து வறள்புல் ஓங்கியது. அக்காலத்து வளியில் கரிவளி குறைந்திருந்ததும் அப்புல்லுக்குத் துணையாகியிருக்கும். பின்னர்ப் பருவமழை வலுத்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுக்கு முன் ஈரம் மிகுந்திருந்தது. ஏறத்தாழ 6,000 ஆண்டுக்கு முன்பிருந்து நெடிய வறட்சிக் காலம் ஒன்று வந்தது. 600 ஆண்டு முன் சிறிது காலம் மீண்டும் மழை மிகுந்தது. பருவமழை என்றும் ஒரேபடியாகப் பெய்து வந்ததன்று. அது வலுத்தும் மெலிந்தும் வந்துள்ளது என்பதற்குத் தமிழக மண்ணே சான்று.

இது வெறும் பழங்கதையோ? அன்று. புல்வெளி பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல விடும்; பவானியும் மாயாறும் அதனால் வாழும். வரையாடு மேய்வது அப்புல்வெளியில். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்து 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி தழைப்பதும் அச்சரிவுகளில். பாழ்நிலம் என்று ஒரு சொல்லைத் தவறாக இட்டதனால் குறிஞ்சியின் நிலம் சீகைக்குப் போயிற்று. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணிக்குச் சேற்றின் சான்று அடிப்படை அரண்களுள் ஒன்றாய் நிற்கிறது.

இலக்கியமும் சேறும்

நிலம் திரியும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் நிலந்தோறும் மரமும் பூவும் கருப்பொருளாக வகுத்தது. வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று இளங்கோவடிகள் சொன்னார். நிலைத்திணை நிலையாக நிற்பதில்லை, தட்பவெப்பத்தால் மாறும் என்ற கருத்தே அது.

திருவண்ணாமலையார்க்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடியது. 583 அடி கொண்டது. அதனுள் சேயாறு ஓடுகிறது. மலைச்சரிவில் எள்ளும் தினையும் அவரையும் வரகும் ஐவன நெல்லும் விளைகின்றன. இன்றைய சவ்வாது மலைக்கும் செய்யாற்றுக்கும் அருகே பிறந்த பாட்டு அது.

இங்கே இரு சாராரையும் கடிந்துரைக்க வேண்டியுள்ளது. பாட்டில் உள்ளதெல்லாம் புலவன் கற்பனை என்று தள்ளுவார் ஒரு சாரார். பாட்டில் உள்ளதே போதும், ஆய்வு எதற்கு என்று மார்தட்டுவார் மற்றொரு சாரார். முன்னவர் தமிழைப் பழிக்கின்றனர். பின்னவர் தமிழைத் தூக்குவதாக எண்ணிக்கொண்டு மெலிவிக்கின்றனர். அம்மலைப்பகுதியின் பழஞ்சேற்றில் எள்ளின் துகள் கிடைக்குமானால் பாட்டுக்கு அரண் கிடைக்கும். தினைக்கும் வரகுக்கும் துகளால் வேறுபாடு காண்பது அரிதாகலின் அங்கே சேறு வாளா இருக்கலாம். எதைச் சேறு சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்து கேட்பதே அறிவுடைமை. உண்மைக்கு அஞ்சுவார்க்கு வரலாறு எதற்கு?

ஏரியின் ஏட்டைக் காப்போம்

திருவண்ணாமலையைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. பேரேரிக்குச் சமுத்திரம் என்றே பெயரிட்டனர். இவ்வேரிகள் பனியூழிக் கதையைச் சொல்ல மாட்டா. அவை மாந்தர் கரை கட்டி ஆக்கியவை; கோடையில் வறண்டு வெடிப்பவை. வெடிப்பில் உயிர்வளி புகுந்தால் பூந்துகள் கெடும். காலந்தோறும் தூர் வாரி, வண்டலைக் கழனிக்கு எருவாக இட்டது உழவர் மரபு. அது நல்ல மரபே. ஏரி கொள்ளும் நீர் அதனால் பெருகிற்று. ஆயினும் வாரிய இடத்தில் ஏடு கிழிந்தது.

ஆனாலும் முழுதும் கைவிட வேண்டா. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் மழைநீர் ஏரியொன்றின் வண்டலிலிருந்து ஏறத்தாழ 200 ஆண்டு நிலைத்திணை மாற்றத்தைப் படித்துப் புதுச்சேரி நிறுவன ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்டுள்ளனர். 200 ஆண்டு சிறிதன்று. காடழிந்த கதையும், வெளிநாட்டுச் சவுக்கும் சீமைக்கருவேலமும் புகுந்த கதையும் அதனுள் அடங்கும். அவ்வயல் மரங்களின் துகள் முதன்முதல் தோன்றும் அடுக்கே காலத்தைக் காட்டும் அடையாளக் கல்லாகவும் உதவும்.

இம்மண்ணுக்கு இதனால் நேர்ப்பயன் உண்டு. அண்ணாமலையின் சரிவுகள் சென்ற நூற்றாண்டில் பெரும்பாலும் மரமற்றுக் கிடந்தன. கோடைதோறும் புல் தீப்பற்றி எரிந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக் கூற்றிலிருந்து ஆர்வலர் பலர் தீயைத் தடுத்து மரம் நட்டு மலையைப் பசுமையாக்கி வருகின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆனால் எந்த மரம் நடுவது? எந்தச் சரிவு காடாகவே இருந்தது? எந்தச் சரிவில் புல் இயல்பாகவே நின்றது? நீலமலையில் இக்கேள்வியைக் கேளாமல் நட்டதன் விளைவு மேலே சொல்லப்பட்டது. அண்ணாமலையில் அப்பிழை நேராதிருக்க, மலையடி ஏரிகளின் சேற்றைக் கேட்டுவிட்டு நடுவது நன்று.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஏரியும் தூர்வாரப்படுமுன், கரையை ஒட்டிய ஆழமான பகுதியில், முன்பு வாரப்படாத இடம் பார்த்து, ஒரே ஒரு மண்தூணையேனும் எடுத்து ஈரங் காத்து வைக்க வேண்டும். ஓர் உழவரும் ஒரு கல்லூரி ஆசிரியரும் இணைந்தால் ஒருநாள் வேலை அது. தூர்வாருதலை நிறுத்தச் சொல்வதன்று இது. ஏடு கிழியுமுன் ஒரு படி எடுக்கச் சொல்வது. இரண்டாவது, மாவட்டத்துக் கல்லூரிகளின் பயிரியல் மாணவர், தம் ஊர் மரஞ்செடிகளின் பூந்துகளைத் தகட்டில் பதித்துத் தமிழ்ப்பெயரோடு தொகுக்க வேண்டும். மூன்றாவது, பூந்துகளியலைத் தமிழில் எழுத வேண்டும். தமிழகச் சேற்றைத் தமிழர் ஆய்ந்து எழுதிய நூல்கள் ஆங்கிலத்திலும் பிரஞ்சிலும் கிடக்கின்றன; அந்த ஏரிநீரைப் பாய்ச்சி உழும் உழவர்க்கு அவற்றுள் ஒரு வரியும் எட்டவில்லை. சோலையைச் சோலை என்றே உலகம் எழுதுகிறது. தமிழன் தன் நாட்டுச் சோலையைப் பற்றித் தமிழில் எழுதக் கூசலாமோ?

சமுத்திரம் ஏரிக்கரையில் நடந்து செல்வோர் அடுத்தமுறை அதன் வறண்ட படுகையைக் காணும்போது அது வெறுஞ்சேறு அன்று என்பதை நினைக்க. பொறி கொண்டு வாருமுன் ஊரார் கூடி ஒரு தூண் மண் எடுத்து வைக்க. அவ்வளவும் செய்துவிட்டால், படிக்க வருவோர்க்கு ஏடு இருக்கும்.